பின் போட்ட மெமரிப் பக்கங்கள் தகராறு செய்யும்போது: லினக்ஸ் சர்வரில் அறிகுறி வாரியாகத் தேடும் முறை

ஆர்டிஎம்ஏ கார்டு (சிபியுவை நடுவில் இழுக்காமல் மெமரியைப் படித்து எழுதும் நெட்வொர்க் கார்டு), ஜிபியு, விஎஃப்ஐஓ வழியாக விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுத்த சாதனம், ஐஓ_யூரிங் (லினக்ஸின் வேகமான உள்ளீட்டு-வெளியீட்டு வசதி). இவற்றில் ஏதாவது ஒன்று ஓடும் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாதனம் நேரடியாகப் படித்து எழுதும் பக்கங்களைக் கெர்னல் இடம் மாற்றக் கூடாது, ஸ்வாப்புக்கும் தள்ளக் கூடாது. அதற்காகத்தான் அவற்றை இருந்த இடத்திலேயே பிடித்துவைக்கும் ‘பின்’ (pin) போடுகிறது. அதில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் கீழே உள்ள ஏழு வடிவங்களில்தான் வருகின்றன. உங்கள் அறிகுறிக்கு நேரே போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

## முதலில் நான்கு அளவுகளை எடுத்து வையுங்கள்

சர்வரை ரீபூட் செய்வதற்கு முன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீபூட் செய்தால் பின்கள் எல்லாம் போய்விடும், தடயமும் அவற்றோடு போய்விடும்.

முதலாவது, சம்பந்தப்பட்ட ப்ராசஸின் வரம்பு. ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே லிமிட்ஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் ‘மேக்ஸ் லாக்டு மெமரி’ என்ற வரியைப் பாருங்கள். உங்கள் ஷெல்லில் யூலிமிட் -எல் அடித்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அது உங்கள் ஷெல்லின் வரம்பைத்தான் சொல்லும், கோளாறில் இருக்கும் ப்ராசஸின் வரம்பை அல்ல.

இரண்டாவது, அதே இடத்தில் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்பின், விஎம்எல்சிகே என்ற இரண்டு வரிகள். ஆர்டிஎம்ஏ பதிவுகள் (சாதனம் பயன்படுத்தப்போகும் மெமரிப் பகுதியை முன்கூட்டியே பதிந்து வைப்பது) விஎம்பின்னில் ஏறும். விஎஃப்ஐஓ விஎம்எல்சிகேவில் ஏறும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு பின் எதுவும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது, ப்ராக் அடைவின் விஎம்ஸ்டாட் கோப்பில் என்ஆர்_ஃபால்_பின்_அக்வயர்டு, என்ஆர்_ஃபால்_பின்_ரிலீஸ்டு என்ற இரண்டு எண்கள். முதலாவது பூட் ஆனதிலிருந்து போட்ட பின்கள், இரண்டாவது கழற்றிய பின்கள். கழித்தால் இப்போது நிற்கும் பின்களின் எண்ணிக்கை கிடைக்கும். 4 கேபி பக்கம் என்றால் அதை 4 கேபியால் பெருக்குங்கள். ஒரே பக்கத்துக்கு இரண்டு பேர் பின் போட்டிருந்தால் இரண்டாகவே எண்ணும் என்பதால் இதை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் தானே ஒதுக்கி வைத்துக்கொண்ட மெமரி இந்தக் கணக்கில் வராது.

நான்காவது, டிமெசேஜ் வெளியீட்டை முழுதாக ஒரு கோப்பில் சேமித்து, யூநேம் -ஆர் காட்டும் கெர்னல் பதிப்பையும் அதன் தலையில் எழுதி வையுங்கள். கீழே பல இடங்களில் பதிப்பு எண்ணைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெம்இன்ஃபோ கோப்பில் அன்எவிக்டபிள், எம்லாக்டு என்ற வரிகள் இருக்கின்றன. அவை எம்லாக் செய்த (புரோகிராம் தானே கேட்டு, ஸ்வாப்புக்குப் போகாமல் பூட்டிய) பக்கங்களுக்கானவை. பின் போட்ட பக்கங்கள் அங்கே தெரியாது, மற்ற சாதாரணப் பக்கங்களோடு கலந்தே எண்ணப்படும். கெர்னல் அவற்றை விடுவிக்க முடியாது, ஆனால் அப்படி என்று எந்த மானிட்டரிங் வரைபடமும் சொல்லாது. பல மணி நேரம் வீணாவது இந்த ஒரு இடத்தில்தான். மேலே சொன்ன மூன்றாவது அளவின் வித்தியாசத்தை உங்கள் மானிட்டரிங்கில் சேர்த்துவிடுங்கள்.

## அறிகுறி 1: மெமரி நிறைய காலியாக இருக்கிறது, ஆனாலும் ‘கெனாட் அலொகேட் மெமரி’ என்று பதிவு தோற்கிறது

பத்தில் ஒன்பது முறை மெமரி தீரவில்லை, மெம்லாக் வரம்புதான் (மேலே பார்த்த ‘மேக்ஸ் லாக்டு மெமரி’) தீர்ந்திருக்கும். கெர்னல் 5.16 முதல் இந்த வரம்பின் தொடக்க மதிப்பு 8 எம்பி. அதற்கு முன் பல காலம் வெறும் 64 கேபி. ஆர்டிஎம்ஏக்கு இரண்டுமே போதாது. வரம்பு 0 என்று இருந்தால் பிழை வேறு மாதிரி, ‘ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வரும். காரணம் அதே குடும்பம்தான்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் தோற்கிறது. லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதியது லாகின் வழியாக வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதைப் படிப்பது லாகினைக் கையாளும் பாம் தொகுதி. சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸ் அந்தப் பக்கம் போவதே இல்லை. சர்வீஸ் யூனிட்டில் லிமிட்மெம்லாக் என்ற வரியில் இன்ஃபினிட்டி என்று போட்டு, டெமன்-ரீலோட் செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அந்தப் புதிய ப்ராசஸின் லிமிட்ஸ் கோப்பைத் திரும்பப் படித்து உறுதி செய்யுங்கள்.

லாகினில் ஓடுகிறது, ஸ்லர்ம் (பல கணினிகளுக்கு வேலையைப் பங்கிடும் மென்பொருள்) வேலையாக அனுப்பினால் தோற்கிறது. ஸ்லர்ம், வேலையை அனுப்பும் கணினியில் உள்ள வரம்புகளை அப்படியே கணிப்பு நோடுக்குக் கொண்டுபோகும். லாகின் நோடில் வரம்பு சிறியதாக இருந்தால் நோடில் என்ன செய்தாலும் பயன் இல்லை. ஸ்லர்ம்.கான்ஃபில் ப்ராபகேட்ரிசோர்ஸ்லிமிட்ஸ்எக்செப்ட் என்ற அமைப்பில் மெம்லாக்கைச் சேருங்கள். நோடில் ஓடும் ஸ்லர்ம்டி சர்வீஸுக்கும் மேலே சொன்ன யூனிட் வரி வேண்டும்.

கன்டெய்னருக்குள் மட்டும் தோற்கிறது. டாக்கர் என்றால் யூலிமிட் விருப்பத்தில் மெம்லாக்குக்கு -1 கொடுங்கள். குபர்நெட்டிஸில் பாட் வரையறையில் யூலிமிட்டுக்கு இடமே கிடையாது. கன்டெய்னர்டி சர்வீஸின் யூனிட்டில் வரம்பை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் பாடுக்கு ஐபிசி_லாக் அனுமதி கொடுக்க வேண்டும். ரூட்லெஸ் கன்டெய்னரில் இந்த அனுமதி வேலை செய்யாது. கெர்னல் இந்த அனுமதியை ஹோஸ்டின் கண்ணோட்டத்தில்தான் சோதிக்கிறது, உள்ளே ரூட்டாக இருப்பது கணக்கில் வராது.

ஒவ்வொரு ப்ராசஸும் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் தோற்கிறது. கணக்கு யார் பெயரில் ஏறுகிறது என்று பாருங்கள். ஆர்டிஎம்ஏவும் விஎஃப்ஐஓவும் ப்ராசஸ் பெயரில் எழுதுகின்றன. ஐஓ_யூரிங்கில் பதிவு செய்த பஃபர்களும் ஏஎஃப்_எக்ஸ்டிபி (நெட்வொர்க் பாக்கெட்டுகளை வேகமாக வாங்கும் வழி) பயன்படுத்தும் பகுதியும் யூசர் பெயரில் எழுதப்படுகின்றன. ஒரே யூசரில் ஓடும் பத்து ப்ராசஸ்களும் ஒரே பையிலிருந்துதான் எடுக்கும். கெர்னல் 5.11க்கு முந்தைய பதிப்பு என்றால் பிபிஎஃப் மேப்களும் (கெர்னலுக்குள் ஓடும் சிறு புரோகிராம்களின் தரவு) அதே பையிலிருந்துதான். அதனால் ஒரு மானிட்டரிங் ஏஜென்ட் அதே யூசரில் ஓடினால் உங்கள் அப்ளிகேஷனுக்கு இடம் குறையும். ஐஓ_யூரிங்கில் இன்னொரு சங்கதி: ரிங்கை மூடும் வேலையின் ஒரு பகுதி பின்னணியில் நடக்கிறது. ப்ராசஸ் செத்த கையோடு அதைத் திரும்பத் தொடங்கினால் பழைய கணக்கு இன்னும் இறங்காமல் இருக்கலாம். சில நொடிகள் விட்டு ஓட்டினால் சரியாகிறது என்றால் காரணம் இதுதான்.

விர்ச்சுவல் மெஷின் தொடங்கும்போது தோற்கிறது. டிமெசேஜில் விஎஃப்ஐஓ_பின்_பேஜஸ்_ரிமோட் என்று தொடங்கி, ஆர்லிமிட்_மெம்லாக் எக்ஸீடட் என்று முடியும் வரி இருக்கும். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் சாதாரணமாக கெஸ்ட்டின் (அதாவது விர்ச்சுவல் மெஷினின்) மெமரியோடு 1 ஜிபி கூட்டி வரம்பு வைக்கிறது. கெஸ்ட்டுக்குள் விர்ச்சுவல் ஐஓஎம்எம்யூ (சாதனம் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பகுதி) வைத்து இரண்டு மூன்று சாதனங்களைக் கொடுத்தால் அதே மெமரி இரண்டு மூன்று முறை எண்ணப்படும், 1 ஜிபி போதாது. எக்ஸ்எம்எல் வரையறையில் மெம்டியூன் பகுதியில் ஹார்ட் லிமிட்டை நீங்களே உயர்த்திக் கொடுங்கள். பிழை ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்தால் அது டிஸ்க் சமாச்சாரம் இல்லை. விஎஃப்ஐஓ டைப்1 தொகுதியின் டிஎம்ஏ_என்ட்ரி_லிமிட் எல்லை முட்டியிருக்கிறது, அதன் தொடக்க மதிப்பு 65535. தொகுதியை ஏற்றும்போது உயர்த்தலாம். ஆனால் அத்தனை சின்னச் சின்ன மேப்பிங்குகள் ஏன் உருவாகின்றன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வரம்பு இன்ஃபினிட்டி, அனுமதி இருக்கிறது, சிகுரூப் (ப்ராசஸ் குழுவின் மெமரி) வரம்பும் முட்டவில்லை, அப்படியும் ஈநோமெம் (அதே ‘கெனாட் அலொகேட் மெமரி’ பிழை) என்றால் அறிகுறி 4க்குப் போங்கள். பக்கத்தை நகர்த்த முடியாமல் தோற்றிருக்கலாம்.

## அறிகுறி 2: ‘பேட் அட்ரஸ்’ என்று பதிவு தோற்கிறது

இங்கே வரம்பை உயர்த்திப் பயனில்லை. நீங்கள் கொடுத்த முகவரியில் பின் போடக்கூடிய பக்கம் இல்லை என்று கெர்னல் சொல்கிறது.

முகவரி ஜிபியு மெமரியைச் சேர்ந்தது. என்விடியா ஜிபியு என்றால் முதலில் எல்எஸ்மாட் பட்டியலில் என்விடியா_பியர்மெம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஏற்றுங்கள். ஏற்றும்போதே ‘இன்வேலிட் ஆர்கியுமென்ட்’ என்றால் உங்கள் ஆர்டிஎம்ஏ டிரைவர் கெர்னலோடு வரும் சாதாரண டிரைவர். பியர்மெம் எதிர்பார்க்கும் இணைப்பு அதில் இல்லை. அப்போது டிஎம்ஏ-பஃப் (டிரைவர்கள் தங்களுக்குள் பஃபரைப் பகிர்ந்துகொள்ளும் கெர்னல் வசதி) வழிக்கு மாறுவதுதான் சரி. ஆர்டிஎம்ஏ பக்கத்தில் கெர்னல் 5.12 முதல் அது இருக்கிறது, என்விடியா பக்கத்தில் அவர்களுடைய ஓபன் கெர்னல் தொகுதிகள் வேண்டும்.

சிறிய பஃபர் பதிவாகிறது, பெரியது தோற்கிறது என்றால் என்விடியா-எஸ்எம்ஐ -க்யூ வெளியீட்டில் பார்1 மெமரி யூசேஜ் பகுதியைப் படியுங்கள். சில ஜிபியுக்களில் அந்தச் சாளரம் மொத்தமே 256 எம்பிதான், அதற்கு மேல் வெளியிலிருந்து எட்டாது. பயாஸில் ரீசைஸபிள் பார் வசதி இருந்தால் திறந்து பாருங்கள். இல்லையென்றால் பஃபரைச் சிறிதாக்குவதுதான் வழி. அதுவும் போதாது என்றால் கார்டை மாற்றும் பேச்சுக்கு வந்துவிட்டோம்.

முகவரி ஒரு கோப்பின் எம்மேப் (கோப்பை மெமரி முகவரிகளாகக் காட்டும் மேப்பிங்). கெர்னல் 6.5 முதல், டிஸ்க் கோப்பைப் பகிர்ந்து எழுதும் வகையில் மேப் செய்த பகுதிக்கு நீண்ட காலப் பின் போட அனுமதி இல்லை. 6.4 வரை ஓடிய புரோகிராம் கெர்னல் மேம்படுத்திய அன்று ஈஃபால்ட் (அதே ‘பேட் அட்ரஸ்’) தருகிறது என்றால் இதுதான். பழைய கெர்னலுக்குத் திரும்பாதீர்கள். அங்கே அது வேலை செய்ததுபோல் தெரிந்ததே ஆபத்து, காரணம் அறிகுறி 6இல் இருக்கிறது. பஃபரை டெம்ப்எஃப்எஸ் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல்சிஸ்டம்) அல்லது ஹியூஜ்பேஜ் (2 எம்பி, 1 ஜிபி போன்ற பெரிய பக்கம்) மீது வையுங்கள், இரண்டுக்கும் தடை இல்லை. பெர்சிஸ்டென்ட் மெமரியின் மேல் டாக்ஸ் முறையில் (கேஷ் இல்லாமல் நேரடியாக) ஏற்றிய ஃபைல்சிஸ்டம் என்றால் பிழை ‘ஆப்பரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று வரும். அதற்கும் இதே மாற்றுதான்.

முகவரி வேறொரு சாதனத்தின் பதிவேட்டுப் பகுதி. பிசிஐ பாரை நேரடியாக எம்மேப் செய்திருந்தால் அதற்குப் பின்னால் கெர்னலுக்குத் தெரிந்த பக்கமே இருக்காது. சாதாரண வழியில் பின் போட முடியாது. அந்தச் சாதனத்தின் டிரைவர் டிஎம்ஏ-பஃப் ஏற்றுமதி செய்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் டிரைவர் எழுதுபவரிடம் போக வேண்டிய வேலை.

## அறிகுறி 3: மெமரி குறைந்துகொண்டே போகிறது, எந்த ப்ராசஸும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் அறிகுறி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் போகிறேன். ஃப்ரீ கட்டளையில் மெமரி தேய்கிறது, கேஷைக் காலி செய்தாலும் திரும்புவதில்லை, டாப்பில் கூட்டினால் கணக்கு உதைக்கிறது, கடைசியில் மெமரி தீர்ந்ததும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து சம்பந்தமில்லாத ஒரு ப்ராசஸைக் கொல்கிறது.

முதலில் பின் கசிவா வேறு கசிவா என்று பிரியுங்கள். விஎம்ஸ்டாட் வித்தியாசத்தை ஒரு மணி நேர இடைவெளியில் சில முறை எடுங்கள். வித்தியாசம் ஏறாமல் மெமரி மட்டும் தேய்ந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. ஸ்லாப் (கெர்னல் தன் சொந்தத் தேவைக்கு எடுத்த மெமரி) அளவையும், டிரைவர் தானே ஒதுக்கும் மெமரியையும் தேடுங்கள். வித்தியாசமும் சேர்ந்து ஏறினால் தொடருங்கள்.

யாரோ ஒருவர் சாதனக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறார். பதிவு செய்த மெமரியை எம்அன்மேப் செய்தாலும் பின் கழலாது. பதிவை நீக்க வேண்டும், அல்லது அந்த ஃபைல் டிஸ்கிரிப்டரின் கடைசிப் பிரதி மூடப்பட வேண்டும். அப்பா ப்ராசஸ் செத்தாலும் அது ஃபோர்க் செய்த பிள்ளை டிஸ்கிரிப்டரைச் சுமந்துகொண்டிருந்தால் பக்கங்கள் அப்படியே நிற்கும். பிள்ளையின் விஎம்பின் பூஜ்யமாக இருக்கும், ஏனெனில் கணக்கு அப்பா பெயரில் எழுதியது. எல்எஸ்ஓஎஃப் வெளியீட்டில் இன்ஃபினிபேண்ட் அடைவின் யூவெர்ப்ஸ் கோப்புகள், விஎஃப்ஐஓ அடைவின் கோப்புகள், ஐஓ_யூரிங் என்ற பெயருள்ள அநாமதேய ஐநோடுகள் ஆகியவற்றைத் தேடுங்கள். எதிர்பாராத லாக் எழுதும் ப்ராசஸோ ஷெல்லோ அங்கே மாட்டும். அதை நிறுத்தினாலே வித்தியாசம் சட்டென்று இறங்கும். நிரந்தரத் தீர்வு, டிஸ்கிரிப்டரை க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியோடு திறப்பது.

ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது, பதிவுகளை நீக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆர்டிஎம்ஏ என்றால் ‘ஆர்டிஎம்ஏ ரிசோர்ஸ் ஷோ எம்ஆர்’ கட்டளை ஒவ்வொரு பதிவையும் அதன் நீளம், ப்ராசஸ் எண், பெயரோடு காட்டும். இந்தக் கட்டளையை அறியாமல் கஷ்டப்படுபவர்கள் நிறைய. அதை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்து டிஃப் செய்தால் யார் சேர்க்கிறார்கள் என்பது கையில் கிடைக்கும். எம்பிஐ (பல கணினிகளில் ஓடும் ப்ராசஸ்கள் செய்தி பரிமாறும் முறை) அப்ளிகேஷன்களில் இது கசிவாகவே இருக்க வேண்டியதில்லை. பதிவு செய்வது செலவான வேலை என்பதால் நூலகம் பழைய பதிவுகளை கேஷில் வைத்திருக்கும். ஓபன் எம்பிஐயில் எம்பிஐ_லீவ்_பின்டு அமைப்பை 0 ஆக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் நின்றால் கேஷின் அளவைக் கட்டுப்படுத்தினால் போதும்.

ப்ராசஸ் டி நிலையில் (சாதனத்துக்காகக் காத்து, எந்த சிக்னலுக்கும் அசையாத நிலை) தொங்குகிறது. சாகச் சொன்னாலும் சாகாது. சாதனம் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை டிரைவர் பின்னைக் கழற்றக் கூடாது, அது சரியான நடத்தைதான். ப்ராக் அடைவில் அதன் ஸ்டாக் கோப்பைப் படித்து எந்த டிரைவரில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதனத்தை மட்டும் ரீசெட் செய்யும் வழி இருந்தால் முயலுங்கள். இல்லையென்றால் ரீபூட் தவிர்க்க முடியாது.

ப்ராசஸே இல்லை, டிஸ்கிரிப்டர் இல்லை, வித்தியாசம் மட்டும் நிற்கிறது. இப்போது சந்தேகம் டிரைவர் மேல். கெர்னல் மரத்துக்கு வெளியே இருந்து வந்த டிரைவர் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. டிரைவரின் மூலக்குறியீடு கையில் இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஜோடி. பின்_யூசர்_பேஜஸ் குடும்பத்தால் போட்டதை அன்பின்_யூசர்_பேஜ் குடும்பத்தால்தான் கழற்ற வேண்டும். கெட்_யூசர்_பேஜஸால் எடுத்ததைத்தான் புட்_பேஜால் விட வேண்டும். கெர்னல் 5.6இல் இந்தப் புதிய குடும்பம் வந்தபோது பல வெளி டிரைவர்கள் பாதி மட்டும் மாறின. சிறிய பக்கம் ஒன்றுக்குப் பின் போடும்போது அதன் எண்ணிக்கை 1024 ஏறும். புட்_பேஜ் அதில் 1 மட்டுமே குறைக்கும். மீதி 1023 பக்கத்தை என்றென்றைக்கும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு, பாதி வெற்றி. 256 பக்கம் கேட்டால் 200 மட்டும் கிடைக்கலாம். 256 வரவில்லை என்று பிழையோடு திரும்பும் டிரைவர், கிடைத்த அந்த 200ஐக் கழற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். நான் பார்த்த டிரைவர் கசிவுகளில் பாதிக்கு மேல் இந்தப் பிழைப்பாதையில்தான் இருந்தன. மெமரி நெருக்கடியில் மட்டும் நடக்கும் என்பதால் சோதனைக் கணினியில் அகப்படாது.

குறியீடு கையில் இல்லையென்றால் பிபிஎஃப்ட்ரேஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் பின்_யூசர்_பேஜஸ், பின்_யூசர்_பேஜஸ்_ஃபாஸ்ட் இரண்டிலும் கேப்ரோப் (கெர்னல் அழைப்பைக் கவனிக்கும் பொறி) வைத்து, அழைத்த ஸ்டாக் வாரியாக எண்ணுங்கள். கழற்றும் பக்கத்திலும் அப்படியே. சமமாகாத ஸ்டாக்தான் உங்கள் ஆள். கெர்னலின் கசிவு தேடும் கருவியான கெமெம்லீக்கை நம்பி உட்காராதீர்கள், அது இப்படிப்பட்ட பக்கக் கசிவைப் பிடிக்காது. இந்த எண்ணிக்கை கையில் வந்துவிட்டால் டிரைவர் கொடுத்தவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது. பேட்ச் வரும்வரை வித்தியாசத்துக்கு ஒரு எல்லை வைத்து, அதைத் தாண்டும்போது திட்டமிட்டு ரீபூட் செய்வதே பாதுகாப்பு.

## அறிகுறி 4: ஹியூஜ்பேஜ் கிடைக்கவில்லை, மெமரி பிளாக்கை ஆஃப்லைன் செய்ய முடியவில்லை, சிஎம்ஏ தோற்கிறது

சிஎம்ஏ என்பது சாதனங்களுக்குத் தொடர்ச்சியான பெரிய மெமரித் துண்டு தரும் ஒதுக்கீடு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: நகர மறுக்கும் பக்கம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

ஹியூஜ்பேஜ் என்றால் முதலில் வரிசையைப் பாருங்கள். பின் போடும் சர்வீஸ் முதலில் தொடங்கி மெமரி முழுக்கத் தூவிவிட்ட பிறகு ஹியூஜ்பேஜ் கேட்டால் கிடைக்காது. பூட் வரியிலேயே ஒதுக்கிவிடுங்கள். முடிந்தால் பின் போடும் அப்ளிகேஷனையும் ஹியூஜ்பேஜ் மீதே ஓட்டுங்கள், அப்போது 512 சிறிய பக்கங்கள் 512 இடத்தில் சிதறுவதற்குப் பதில் ஒரு 2 எம்பி பக்கம் ஓரிடத்தில் நிற்கும். ஓடும் சர்வரில் காம்பாக்ட்_மெமரி கோப்பில் 1 எழுதிப் பார்க்கலாம். பட்டிஇன்ஃபோவில் பெரிய துண்டுகள் கூடவில்லை என்றால் அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் நடக்காது.

மெமரி பிளாக் ஆஃப்லைனில் ஈபிஸி (‘பிஸி’ என்ற பிழை) வந்தால் டிமெசேஜில் ‘பேஜ் டம்ப்டு பிகாஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘மைக்ரேஷன் ஃபெய்லியர்’ என்றிருந்தால் பின் போட்ட பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு அந்த பிளாக் எந்த ஸோனில் இருக்கிறது என்பது முக்கியம். கெர்னல் 5.13 முதல், நீண்ட காலப் பின் போடும்போது மூவபிள் ஸோனில் (நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு மட்டுமான பகுதி) உள்ள பக்கத்தை முதலில் வெளியே நகர்த்திவிட்டுத்தான் பின் போடுகிறார்கள். அதனால் எடுக்கப்போகும் மெமரியை மூவபிளாக ஆன்லைன் செய்திருந்தால் தொல்லை பெரும்பாலும் தீரும். நார்மல் ஸோன் என்றால் யாரும் உத்தரவாதம் தர முடியாது. 5.13க்கு முந்தைய கெர்னலில் மூவபிள் ஸோனும் மாட்டிக்கொள்ளும், கெர்னலை மேம்படுத்துங்கள். புதிய கெர்னலிலும் மூவபிள் ஸோன் மாட்டுகிறது என்றால், ஏதோ ஒரு டிரைவர் நீண்ட காலம் வைத்துக்கொள்ளப்போவதை நீண்ட காலம் என்று அறிவிக்காமல் பின் போடுகிறது. அது டிரைவர்காரர் திருத்த வேண்டியது.

இந்த நகர்த்தலுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கிட்டத்தட்ட எல்லா மெமரியையும் மூவபிள் ஸோனில் வைத்துவிட்டால், பின் போட நகர்த்த வேண்டிய இடமே இருக்காது. அறிகுறி 1இன் கடைசியில் விட்ட ஈநோமெம் இதுதான். ஸோன்இன்ஃபோவில் நார்மல் ஸோனின் காலி அளவைப் பாருங்கள்.

ஏஆர்எம் போர்டுகளில் கேமரா, டிஸ்ப்ளே திறக்கும்போது சிஎம்ஏ_அலாக் வரி தோற்றால் அதன் இறுதி எண்ணைப் படியுங்கள். -12 என்றால் ஒதுக்கிய பகுதி சிறியது, பூட் வரியில் பெரிதாக்குங்கள். -16 என்றால் உள்ளே நகராத பக்கம் இருக்கிறது.

## அறிகுறி 5: சாதனம் கொடுத்த விர்ச்சுவல் மெஷின் தொடங்க நிமிடக் கணக்கில் ஆகிறது

இது கோளாறு இல்லை, செலவு. சாதனத்தைச் சேர்த்ததும் கெஸ்ட்டின் மெமரி முழுவதும் முதலிலேயே ஒதுக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, பின் போடப்படுகிறது. 512 ஜிபி கெஸ்ட்டில் 4 கேபி பக்கம் என்றால் 13 கோடிக்கு மேல் பக்கங்கள். 1 ஜிபி ஹியூஜ்பேஜ் என்றால் வெறும் 512. ஹியூஜ்பேஜுக்கு மாறுங்கள், க்யூஎமுவின் முன்ஒதுக்கீட்டுக்குப் பல த்ரெட் கொடுங்கள். அந்த ஹோஸ்டில் பலூன் வைத்து மெமரியை மீட்கும் திட்டத்தைக் கைவிடுங்கள், பின் போட்ட கெஸ்ட்டிடம் அது நடக்காது.

## அறிகுறி 6: பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் தரவு தவறாக இருக்கிறது

இந்த அறிகுறி வந்தால் முதலில் எழுதுவதை நிறுத்துங்கள். தேடல் அப்புறம். தவறான தரவு பேக்கப்புக்குள் போய்விட்டால் திரும்பப் பெற வழியில்லை.

ஃபோர்க் செய்த பிறகு தொடங்குகிறதா? பழைய கெர்னலில், ஃபோர்க் ஆனதும் அப்பா ப்ராசஸ் அந்தப் பக்கத்தில் எழுதினால் அதற்குப் புதிய பிரதி கிடைக்கும். சாதனமோ பழைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். அப்பா பார்ப்பது ஒன்று, சாதனம் எழுதுவது வேறொன்று. பைத்தானில் மல்டிப்ராசஸிங் பயன்படுத்துபவர்களும், நடுவில் சிஸ்டம் அழைப்பால் ஒரு ஷெல் கட்டளையை ஓட்டுபவர்களும் தெரியாமல் இதில் மாட்டுகிறார்கள். கெர்னல் 5.9 முதல், பின் போட்ட பக்கத்தை ஃபோர்க்கின்போதே பிள்ளைக்குத் தனியாக நகலெடுத்துவிடுகிறார்கள், அப்பாவிடம் அசல் நிற்கிறது. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் ஆர்டிஎம்ஏவி_ஃபோர்க்_சேஃப் மாறியை 1 ஆக வையுங்கள், ஹியூஜ்பேஜ் இருந்தால் ஆர்டிஎம்ஏவி_ஹியூஜ்பேஜஸ்_சேஃப் மாறியையும். பஃபர் பக்க எல்லையில் தொடங்கி எல்லையில் முடிய வேண்டும். இல்லையென்றால் அதே பக்கத்தில் இருக்கும் வேறு தரவைத் தொடும் பிள்ளை ப்ராசஸ் செத்துவிழும்.

பஃபர் டிஸ்க் கோப்பின் மேப்பிங்கா? ஃபைல்சிஸ்டம் பக்கத்தை டிஸ்கில் எழுதி, சுத்தமானது என்று குறித்துவிடும். அதற்குப் பிறகும் சாதனம் அதில் எழுதும், அந்த எழுத்து ஃபைல்சிஸ்டத்துக்குத் தெரியாது. 6.5இல் வந்த தடை இதற்காகத்தான். உங்கள் கெர்னல் பழையது என்றால் தடை இல்லாமலேயே நீங்களாக அந்த முறையை விட்டுவிடுங்கள். டிரைவர் எழுதுபவர் என்றால், சாதனம் எழுதிய பக்கத்தைக் கழற்றும்போது அன்பின்_யூசர்_பேஜஸ்_டர்ட்டி_லாக் அழைக்கிறீர்களா என்று பாருங்கள். டர்ட்டி என்று குறிக்காமல் கழற்றினால் கெர்னல் அந்தப் பக்கத்தைத் தூக்கி எறிய உரிமை உண்டு.

பதிவு நிற்கும்போதே மெமரி விடுவிக்கப்பட்டதா? அதே முகவரி திரும்ப வேறு பஃபருக்குக் கிடைக்கும். ஆனால் சாதனத்தின் கையில் இருப்பது பழைய பக்கம். பதிவு கேஷை அணைத்துவிட்டு ஓட்டினால் சரியாகிறது என்றால் இதுதான். விடுவிக்கும் இடத்துக்கு முன் பதிவை நீக்க வேண்டும்.

சாதனம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின் கழன்றதா? டிமெசேஜில் இன்டெல் என்றால் டிஎம்ஏஆர் ஃபால்ட், ஏஎம்டி என்றால் ஐஓ_பேஜ்_ஃபால்ட் வரி தேடுங்கள். பூட் வரியில் ஐஓஎம்எம்யூ=பிடி இருந்தால் ஹோஸ்ட் டிரைவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. செய்தி வராமலேயே வேறு ப்ராசஸின் மெமரி அழிந்துகொண்டிருக்கலாம். ஒரு சோதனை சர்வரில் அதை எடுத்துவிட்டு ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1 வைத்து அதே வேலையை ஓட்டுங்கள். ஃபால்ட் வரிகள் வந்தால் டிரைவர் வரிசை தப்பாகப் போகிறது: முதலில் சாதனத்தை நிறுத்தி, டிஎம்ஏ மேப்பிங்கை எடுத்து, கடைசியாகத்தான் பின்னைக் கழற்ற வேண்டும். இதை நீங்களாகத் திருத்தி உற்பத்தி சர்வரில் போட வேண்டாம். டிரைவர்காரர் கைதான் படவேண்டும்.

## அறிகுறி 7: கெர்னல் லாகில் ‘பேட் பேஜ் ஸ்டேட்’ அல்லது ஜியுபி.சி கோப்பைச் சுட்டும் எச்சரிக்கை

இதில் முதலில் சரிபார்க்க வேண்டியது: கெர்னலின் டெயின்டட் கோப்பில் இருக்கும் மதிப்பில், வெளி டிரைவரைக் குறிக்கும் 4096 பிட் இருக்கிறதா இல்லையா. இருக்கிறது, அதாவது வெளி டிரைவர் ஏறியிருக்கிறது என்றால் அதை எடுத்துவிட்டு அதே வேலையை ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை நின்றால் அறிகுறி 3இல் சொன்ன ஜோடிப் பிழையின் மறுபக்கமாக இருக்கக்கூடும், அதாவது சாதாரணமாக எடுத்த பக்கத்தை அன்பின் அழைப்பால் விட்டிருக்கிறார்கள், எண்ணிக்கை தரைக்குக் கீழே போயிருக்கிறது. மெம்டெஸ்ட் ஒரு இரவு ஓட்டி ரேம் பழுதையும் விலக்குங்கள். இவை இரண்டுக்கும் மேல் வீட்டு வைத்தியம் கிடையாது. சர்வரை வேலையிலிருந்து விலக்கிவிட்டுக் கெர்னல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அவரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: முதலில் எடுத்த நான்கு அளவுகள், கேடம்ப் வைத்து எடுத்த விஎம்கோர் (கெர்னல் விழுந்த நேரத்து மெமரியின் நகல்), அந்த கெர்னலுக்கு உரிய டீபக் சிம்பல்கள், டிரைவரின் சரியான பதிப்பு, கோளாறை வரவழைக்கும் மிகச் சிறிய வேலை. முடிந்தால் பூட் வரியில் பேஜ்_ஓனர்=ஆன் வைத்து ஒருமுறை கோளாறை வரவழைத்து, டீபக்எஃப்எஸ்ஸில் இருக்கும் பேஜ்_ஓனர் கோப்பின் நகலையும் சேருங்கள். அதில் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஒதுக்கியவர் யார் என்று ஸ்டாக்கோடு இருக்கும். பின் போட்டவர் பெயர் அதில் இருக்காது, அதனால் பிபிஎஃப்ட்ரேஸ் எண்ணிக்கையையும் சேர்த்தே கொடுங்கள்.